காட்சியும் உரையும்: வகுப்பறையில் குறும்படம்

இளம் மாணவர்களுக்கு ஒரு குறும்படத்தைக் காட்டி, அதைப் பற்றி அவர்களையே பேசவைக்கும் கற்பித்தல் முறைக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம், படம் எளிதில் புரியும் என்பதாகும். கண்டதெல்லாம் அறிந்ததாகுமா என்னும் பழைய மெய்யியல் வினாவை, இக்காரணம் ஏற்கெனவே தீர்ந்துவிட்ட ஒன்றாக எடுத்துக்கொள்கிறது. குறும்படத்தின் மதிப்பு உண்மையில் அந்த வினா தீராமல் இருப்பதில்தான் உள்ளது.

இதனை நுணுகி ஆராய்ந்த தமிழ் நூல்களுள் ஒன்று, 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார். பொருளை அறிந்து உறுதிசெய்யும் கருவிக்கு அளவை என்று பெயர். பிறர் அதனைப் பலவாக விரித்துரைத்தாலும் அவை அனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்று அந்நூல் வரையறுக்கிறது. காண்டல் என்பது நேரே அறிவது. கருதல் என்பது கண்ட ஒன்றை ஏதுவாகக் கொண்டு, அதாவது சான்றாகக் கொண்டு, காணாத ஒன்றைத் துணிவது. உரை என்பது இவ்விரண்டுக்கும் எட்டாததை நம்பத்தக்க மொழியால் அறிவது. காண்டலுக்குள்ளும் படிநிலை உண்டு. ஏதோ ஒன்று உளது என்ற அளவில் மட்டும் தோன்றுவது நிருவிகற்பக் காட்சி எனவும், பெயர், இனம், குணம், செயல், பொருள் என்று பகுத்து உணரப்படுவது சவிகற்பக் காட்சி எனவும் கூறப்படும். திரையைப் பார்த்துச் சிரிக்கும் குழந்தை கண்டிருக்கிறது என்பதில் ஐயமில்லை. எதைக் கண்டது என்று தன் வாயால் சொல்லத் தொடங்கும்போதுதான் அது முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு நகர்கிறது.

2000ஆம் ஆண்டில் பிக்ஸார் நிறுவனத்திற்காக ரால்ஃப் எகிள்ஸ்டன் இயக்கி, ஆஸ்கர் விருதும் பெற்ற 'ஃபார் தி பேர்ட்ஸ்' என்னும் படம் இதற்கு நல்ல சான்று. சுமார் மூன்றரை நிமிடம் ஓடும் அப்படத்தில் பறவைகளின் ஒலியைத் தவிர ஒரு சொல்லும் இல்லை. கம்பியில் நெருங்கி அமர்ந்து பூசலிடும் சின்னப் பறவைகள், தம்மோடு நட்புக்கொள்ள வரும் பெரிய பறவையை ஏளனம் செய்கின்றன. அது நடுவில் வந்து அமர்ந்ததும் அதன் பாரத்தால் கம்பி தாழ்கிறது. தலைகீழாகத் தொங்கும் அதன் கால்விரல்களை அவை கொத்தத் தொடங்குகின்றன. பிடி முழுதும் விடுபடப்போகும் நேரத்தில்தான் என்ன நேரும் என்பது அவற்றுக்கு உறைக்கிறது. ஆனால் காலம் கடந்துவிடுகிறது. கம்பி விசையோடு மேலெழ, சின்னப் பறவைகள் வானில் வீசப்பட்டு இறகிழந்து விழுகின்றன.

பெரிய பறவை ஏளனத்தைப் புரிந்துகொண்டதா, இல்லையா என்பதைப் படம் சொல்வதில்லை. உள்ளம் கண்ணுக்குப் புலப்படுவதன்று. குறிகளைக் கொண்டு கருதியே அறியவேண்டியது. ஆகவே அது பேதை என்று ஒரு மாணவியும், எல்லாம் தெரிந்தே பொறுத்திருந்தது என்று இன்னொருவரும் சொல்லும்போது, இருவரும் கண்ட காட்சி ஒன்றாகவும் கருதிய முடிவு வேறாகவும் இருக்கின்றன. அவ்விடத்தில் ஆசிரியர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? அமெரிக்காவில் அபிகெய்ல் ஹவுசன், பிலிப் யெனவைன் ஆகியோர் ஓவியங்களை முன்வைத்து வளர்த்தெடுத்த கற்பித்தல் முறையின் நடுநாயகமும் இக்கேள்வியே. தருக்க நூலார் ஏது என்று சொன்னதை ஏழு வயதுக் குழந்தையிடம் கேட்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

படம் குறுகியதாக இருக்கவேண்டியதன் தேவையும் இங்குதான் விளங்குகிறது. பாடத்தை இருமுறை கேட்பவனிடம் பிழை குறையும், மும்முறை கேட்பவன் அதை முறையறிந்து எடுத்துரைப்பான் என்று பவணந்தி முனிவரின் நன்னூல் கூறுகிறது. ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வது கல்வியில் கால் பங்கே என்றும், உடன் பயில்வோருடன் பழகுவதாலும் பிறர்க்கு எடுத்துரைப்பதாலுமே எஞ்சியது நிரம்பும் என்றும் அதே நூல் பகுத்துக் காட்டுகிறது. மூன்றரை நிமிடப் படத்தை மும்முறை பார்த்தாலும் பாடவேளையின் பெரும்பகுதி பேச்சுக்கு மிஞ்சும். ஒரு மணிநேரப் படத்தில் அது இயலாது.

இத்தகைய பேச்சின் முடிவில் ஆசிரியர் எழுந்து, யாரையும் ஏளனம் செய்யக்கூடாது என்று நீதியை அறிவித்தால், குழந்தைகள் கருதி அடைந்துகொண்டிருந்தது உரையாக மாறிவிடுகிறது. காட்சிக்கும் கருதலுக்கும் எட்டாத இடத்தில்தான் உரைக்கு வேலை உண்டு. ஓர் உயிரின் விரலைக் கொத்துவது கொடுமை என்பது எந்தக் குழந்தையின் கண்ணுக்கு எட்டாதது? 1974இல் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்காக விஜயா முலே உருவாக்கிய 'ஏக் அனேக் ஔர் ஏக்தா' என்னும் இந்திப் படமும் பறவைகளைக் கொண்டதே. வலையில் சிக்கிய பறவைகள் ஒன்றாகப் பறந்து தப்பும் கதை வழியாக ஒற்றுமையின் பொருளை அது வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. தூர்தர்ஷன் வழியே ஒரு தலைமுறை இந்தியக் குழந்தைகளின் நெஞ்சில் நின்ற அப்படம் அழகானது, அன்பு மிக்கது. ஆனால் விடை படத்திலேயே இருப்பதால், மாணவர் வாதிட அதில் இடம் குறைவு. வலை வீசிய வேடனின் பசியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மட்டுமே அங்கும் வாதம் பிறக்கும்.

இதனினும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. திரைப்படம் காட்சியாக வந்து கண்ணைச் சேர்ந்தாலும், அது யாரோ ஒருவர் எடுத்து, வெட்டி, இசை கூட்டி அமைத்த உரையே. பெரிய பறவையின் முகத்தை அருகில் காட்டுவதும், அது விழும் இடத்தில் நகைப்பை எழுப்புவதும் இயக்குநரின் தீர்ப்புகள். கைப்பேசியில் நொடிக்கொன்றாகக் குறுங்காணொளிகளைக் காணும் குழந்தை, பிறர் உரையைத் தன் கண்ணால் கண்ட உண்மையாக ஏற்கப் பழகிவிடுகிறது. இது உண்மையாகவே கவலைக்குரியது. படத்தை நடுவில் நிறுத்தி, இதே நிகழ்ச்சியைச் சின்னப் பறவை ஒன்று சொன்னால் எப்படிச் சொல்லும், காட்டாமல் விட்டது எது என்று வினவுவதால், காட்சிக்குள் மறைந்திருக்கும் அந்த உரை வெளிப்படுகிறது.

உரையாடல் எப்போதும் இணக்கத்தில் முடியும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. கௌதமரின் நியாய சூத்திரம் உண்மையை நாடும் பேச்சை வாதம் என்றும், வெற்றியை மட்டும் நாடுவதைச் சற்பம் என்றும், தனக்கென ஒரு கொள்கை இல்லாமல் எதிராளியை மறுப்பதையே தொழிலாகக் கொண்டதை விதண்டை என்றும் பிரிக்கிறது. சரியான விடை ஒன்றுக்கு மட்டும் பாராட்டு என்றால், வகுப்பறை விரைவில் சற்பத்துக்கு இறங்கிவிடும். அளவை நூலார் ஐயத்தைக் காட்சிக்குரிய குற்றமாக எண்ணி விலக்கினர்; நியாய நூலோ அதனைத் தன் பதினாறு பொருள்களுள் மூன்றாவதாக வைத்து, ஆராய்ச்சி தொடங்கும் இடமாகப் போற்றியது. இளம் மாணவர் வகுப்புக்குப் பொருந்துவது பின்னதே. பெரிய பறவைக்குத் தெரிந்திருந்ததா என்னும் கேள்வி மணி அடித்த பின்னும் முடிவாகாமல், மதிய உணவு வரிசையிலும் இருவர் தத்தம் ஏதுவைச் சொல்லிக்கொண்டிருந்தால், அந்தப் பாடவேளையை நிறைவுறாத ஒன்றாக ஆசிரியர் கருத வேண்டியதில்லை.