பலி கொடுத்தவர் யார்?

ஒன்பதாம் வகுப்பில் சொற்பொருள் நடத்திக்கொண்டிருந்தோம். 'பலி' என்னும் சொல்லுக்குப் பொருள் கேட்டோம். "இறப்பு" என்றான் ஒருவன். நாளேடு படிக்கும் வழக்கமுடையவன். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். ஆம்பூரில் தோல் பதனிடும் ஆலையொன்றில் உழைப்பவரின் மகள். "ஐயா, எங்கள் ஊர்த் திருவிழாவில் ஆட்டைப் பலி கொடுப்பார்கள். செய்தித்தாளில் பலி என்று போடுகிறார்களே, அவர்களை யார் கொடுத்தார்கள்?" என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை, விடையும் வரவில்லை.

அந்தக் கேள்வி துரத்த, நூலகத்தில் 2011 முதல் 2020 வரையிலான பழைய நாளேடுகளைப் புரட்டினோம். பத்தாண்டும் அந்த ஈரெழுத்துச் சொல்லே தலைப்புகளில் கொலுவீற்றிருக்கக் கண்டோம். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்தது - பலி. 2014 சூனில் மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்தது - 61 பேர் பலி. 2018 மே திங்களில் தூத்துக்குடியில் காவல்துறையின் துப்பாக்கிச் சூடு - 13 பேர் பலி. 2019 டிசம்பரில் மேட்டுப்பாளையம் நடூரில் ஏழைகளின் குடிசைகள்மீது உயர்ந்த சுற்றுச்சுவர் வீழ்ந்தது - 17 பேர் பலி.

நம் பாலாற்றங்கரைக்கும் பங்குண்டு. 2015 சனவரி 31. இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் ஆலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடு தேக்கிய தொட்டிச் சுவர் இரவில் உடைந்தது. பக்கத்து ஆலையில் உறங்கியோர்மீது நச்சுச் சேறு பாய்ந்தது. பத்து உயிர்கள்! பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அவர்களும் 'பலி'தான்.

தலைப்பு எழுதுவோரை நாம் பழிக்கவில்லை. இடம் குறுகியது, சொல் சிறியது. ஆனால் அச்சொல் செய்யும் வேலை சிறியதன்று. 'இடி தாக்கி ஒருவர் பலி' என்பது ஒரு செய்தி. 'விஷவாயு தாக்கி மூவர் பலி' என்பது மற்றொரு செய்தி. இரண்டுக்கும் ஒரே இலக்கணம்! இடியை ஏவியவன் எவனுமில்லை. கழிவுத் தொட்டிக்குள் ஒருவரை இறக்கியவன் இருக்கிறான் அன்றோ? கையால் கழிவகற்றுவதை விலக்கும் சட்டம் 2013-இல் வந்த பிறகும் இறக்கியவன் எங்கே? வாக்கியத்தில் அவன் இல்லை. வாயு எழுவாயாகிவிட்டது, மனிதன் மறைந்துவிட்டான். சுவர் 'இடிந்தது' என்கிறோம். இடியும்படி விட்டவனைச் சொல்வதில்லை. செய்யப்பட்டது, நேர்ந்ததாக மாறிவிடுகிறது.

முன்னே இந்த வேலையை 'விதி' செய்தது. ஏழை செத்தால் தலையெழுத்து என்றார்கள். பகுத்தறிவு அந்தப் போர்வையைக் கிழித்தது. இன்று விதியை நம்பாதவரும் செய்தியை அப்படியே நம்புகின்றனர். தமிழில் 'விதி' என்பதற்குச் சட்டம் என்றும் பொருள். சட்ட விதியை மீறியவன் ஒருவன்; தலை விதியென்று தேற்றப்படுபவள் ஒரு விதவை! என்ன கொடுமை!

இதற்கு மாறான வாக்கியம் நம் மண்ணிலிருந்தே பிறந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் இரண்டு நெறிகளை நாட்டின் சட்டமாக ஏற்றது. தீங்கு வருமுன் தடுக்க வேண்டும். மாசுபடுத்தியவனே அதற்கு விலை தர வேண்டும். இரண்டாம் நெறியைப் பாருங்கள்: மாசுபடுத்தியவன்! எழுவாய் இருக்கிறது. அந்தத் தீர்ப்புக்குப் பத்தொன்பதாம் ஆண்டில்தான் இராணிப்பேட்டைச் சுவர் உடைந்தது. தீர்ப்பு எழுவாயைத் தந்தது; தலைப்பு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

அப்படியானால் 'பலி' என்ற சொல்லையே விலக்கிவிடலாமா? வேண்டாம் என்போம். அச்சொல் பொய் சொல்லவில்லை. நாம்தான் அதை முழுமையாகப் படிக்கவில்லை. பலி என்றால் பீடம் உண்டு, கொடுப்பவன் உண்டு, கேட்கும் வரம் உண்டு. இங்கே வரம் என்ன? மலிவாக முடிந்த வேலை, குறையாத ஆதாயம், கடல் கடந்து செல்லும் பளபளப்பான காலணி. அந்த வரத்தில் நமக்கும் பங்குண்டு. தோல் தொழில் தரும் கூலியில்தான் நம் மாணவர் வீட்டு அடுப்பெரிகிறது. அக்கூலியால் நடக்கும் ஊரில்தான் நாமும் ஊதியம் பெறுகிறோம். தொழில் வேண்டும், பலி வேண்டாம். அதற்குச் சுவரைக் கட்டியவனை மட்டுமன்று, சுவரைப் பார்த்தும் பேசாதிருந்த நம்மையும் வாக்கியத்தில் சேர்த்தாக வேண்டும்.

மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் 'சுவர் இடிந்து 10 பேர் பலி' என்று எழுதினோம். "எழுவாயைத் தேடுங்கள்" என்றோம். அந்தச் சிறுமி எழுந்து, "தெரியவில்லை ஐயா, ஆனால் யாரோ இருக்கிறார்கள்" என்றாள்.

முழு மதிப்பெண் தந்தோம். அவள் தந்தை அன்றும் இரவு முறை வேலைக்குப் போயிருந்தார்.