அஞ்சியவன் அநீதி செய்யலாமா?

குறைஷிகளுக்குத் தான் செய்த உபகாரங்களை நினைவூட்டும் அல்லாஹு தஆலா, பசிக்கு உணவளித்ததையும் பயத்திலிருந்து அபயமளித்ததையும் சேர்த்தே சொல்கிறான். மக்கா நகருக்காக துஆச் செய்த நபி இப்ராஹீம் (அலை) அவர்களும் முதலில் அபயத்தைக் கேட்டார்கள். பிறகே கனிவர்க்கங்களைக் கேட்டார்கள். ஆள்வோருக்கு இதிலே பெரும் பாடமுண்டு. குடிமகன் தன் வீட்டில் அச்சமின்றி உறங்கச் செய்வதே ஆட்சியின் முதற்கடமை. ஆனால், அந்நியர் ஆட்சி நீங்கிய எத்தனையோ நாடுகளில் அந்த அபயம் வாய்க்கவில்லை. அஞ்சி வாழ்ந்தவர்களே பிறரை அஞ்ச வைப்பவர்களாகவும் மாறினார்கள். இதற்கு என்ன காரணம்?

விடை தேடித் தூரதேசம் போக வேண்டியதில்லை. தூத்துக்குடிக்கும் காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் எதிர்க்கரையே இலங்கை. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்துப் பார்கள் இருந்தன. இங்கு சலாபம் நடந்தாலும் அங்கு நடந்தாலும் நம் கரையின் பரதவரும் முஸ்லிம்களும் கடலில் மூழ்கினார்கள். 1905ஆம் ஆண்டின் பெரும் சலாபம் மன்னாரின் தெற்கேயுள்ள மறிச்சுக்கட்டியில் நடந்தது. கொழும்பில் கடை வைத்துப் பிழைத்த நம்மூர்க் குடும்பங்களும் ஏராளம். ஆகவே அக்கரையின் கதை நமக்கு அந்நியமானதன்று.

ஆங்கிலேயர் 1833இல் அங்கே சட்டசபை அமைத்தபோது, இனம் பார்த்தே உறுப்பினரை நியமித்தனர். 1889இல் முஸ்லிம்களுக்கும் ஓர் இடம் கிடைத்தது. 1931இல் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. தலையை எண்ணி ஆளும் முறை தவறானதன்று. ஆனால், மக்களை இனம் இனமாகப் பிரித்து வைத்த பிறகு தலையை எண்ணினால் ஒரு கூட்டம் எந்நாளும் ஆளும். மற்றொரு கூட்டம் எந்நாளும் மனுக்கொடுக்கும்.

அப்படியே நடந்தது. 1948இல் சுதந்திரம் வந்தது. அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் ஏறத்தாழ 7 லட்சம் மலையகத் தமிழர் நாடற்றவராயினர். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றாயிற்று. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 ஜூலையில் கொழும்பே எரிந்தது. சிங்களருக்கும் பயம் இல்லாமலில்லை. தம் மொழிக்கு உலகில் வேறு நாடில்லை என்றும், கடலுக்கு இப்பால் கோடிக்கணக்கில் தமிழர் இருக்கிறார்கள் என்றும் அவர்கள் அஞ்சினார்கள். அந்தப் பயத்துக்கு மருந்தாக அநீதியைத் தேர்ந்தார்கள்.

அநீதிக்கு ஆளான தமிழ் இளைஞர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். அவ்வாண்டு அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விரட்டினர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். முத்துக் குளித்த மறிச்சுக்கட்டியும் சிலாவத்துறையும் முஸ்லிம்கள் இல்லாத ஊர்களாயின. "இது எங்கள் மண், நீ இரவல்காரன்" என்ற அதே சொல், அதைக் கேட்டு வெந்தவர் வாயிலிருந்தே வந்தது!

கதை அதோடு நின்றதா? 2014இல் அளுத்கமையிலும் 2018இல் திகனையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 2019 ஏப்ரல் 21 அன்று, ஈஸ்டர் பண்டிகைக்குக் கூடிய கிறிஸ்தவர்கள் நிறைந்த தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும், கலிமாச் சொன்னவர்களே குண்டுகளைக் கட்டிச் சென்று 250க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள்.

"அடிபட்டவன் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?" என்று நம் வாலிபர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அநீதியை எதிர்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால், காரணம் வேறு, நியாயம் வேறு. பயமும் இழிவும் தீவிரவாதத்துக்குக் காரணங்கள். அவை ஒருபோதும் அதற்கு நியாயமாகா. காத்தான்குடியில் ஸுஜூதில் கிடந்தவர் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவரல்லர். தேவாலயத்தில் மண்டியிட்டிருந்த தாய் திகனையில் தீ வைத்தவளல்லள். ஒருவர் சுமையை மற்றவர் மீது ஏற்றக்கூடாதென்பது திருமறையின் சட்டம். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதியினின்றும் பிறழச் செய்யக்கூடாது என்று மாயிதா அத்தியாயமும் கட்டளையிடுகிறது.

இந்தக் கட்டளை ஆள்வோருக்கும் உரியது. காரணத்தை ஆராயாமல் ஒரு சமுதாயத்தையே குற்றவாளியாக்குவதும் அநீதியே. 2020இல் கொரோனாவைக் காட்டி முஸ்லிம்களின் ஜனாஸாக்களையும் எரித்தார்கள்; 2021 பிப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதித்தார்கள். இப்படிச் செய்தால் அச்சம் பெருகுமேயன்றி அமைதி பிறக்காது.

தன் கூட்டத்தை நேசிப்பது இனவெறியா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. இல்லை, அநீதியில் தன் கூட்டத்துக்குத் துணை நிற்பதே இனவெறி என்பது அவர்கள் தந்த விளக்கம். 2019இல் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, குண்டு வைத்தவர்களின் உடல்களை முஸ்லிம் மையவாடிகளில் ஏற்கமாட்டோம் என்று அறிவித்தது. அதற்கு முன்பே, அக்கூட்டத்தின் தலைவன் ஸஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்கள் அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தார்கள். அநீதிக்குத் துணை நிற்காத அன்பு இதுவே.

வாப்பாமார்களே, உம்மாமார்களே! நமக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை நம் பிள்ளைகள் அறியத்தான் வேண்டும். அவற்றைச் சொல்லும் அதே நாவால், நம்மவர் பிறருக்குச் செய்த கொடுமையையும் சொல்லுங்கள். அண்டை வீட்டாரின் அச்சத்தையும் எடுத்துச் சொல்லுங்கள். ஒரு பக்கக் கணக்கை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, நாளை யாரிடம் அந்தக் கடனை வசூலிப்பான் என்று யாருக்குத் தெரியும்?

வல்ல ரஹ்மான் இரு கரையோருக்கும் அபயமளிப்பானாக! அஞ்சும் நேரத்திலும் நீதி தவறாத உள்ளத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.