ஒரு வாயிலா, பல வாயில்களா?

நாளைய வருவாயை அறிந்தவன் இறைவன் ஒருவனே என்பது நம் ஈமானைச் சேர்ந்த உண்மை. இதனை நாவால் மொழிவது எளிது; பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மொழிவது அரிது. ஒருவர் தம் சேமிப்பை எங்கே, எவ்வாறு இடுகிறார் என்று பார்த்தால், மறைவானவற்றைப் பற்றி அவருள்ளம் உண்மையில் என்ன எண்ணுகிறது என்பது புலப்பட்டுவிடும். இக்காலப் பங்குச் சந்தையில் எழுந்துள்ள ஒரு வினாவை இந்த நோக்கிலேயே ஈண்டு ஆராயப் புகுகிறோம்.

வினா இதுதான்: அமெரிக்கப் பங்குகளில் முதலிட விரும்பும் ஒருவர், அந்நாட்டுச் சந்தை முழுவதிலும் பரவலாகப் பங்கு கொள்வதா? அன்றி, கணினி, மென்பொருள், இணையம் ஆகிய தொழில்நுட்ப நிறுவனங்கள் மிகுந்த ஒரு சிறு தொகுதியை மட்டும் வாங்குவதா? இந்தியாவிலிருந்தே அத்தொகுதியில் முதலிட 2011ஆம் ஆண்டு முதல் வழி ஏற்பட்டிருப்பதால், நம் இளைஞரும் இவ்வினாவை எழுப்புகின்றனர்.

இரு வழிகளின் வரலாற்றையும் சுருக்கமாக அறிந்துகொள்வது நலம். ஜான் போகிள் என்பார் 1976ஆம் ஆண்டு, பங்குகளைத் தெரிந்தெடுக்கும் முயற்சியையே கைவிட்டு, ஒரு குறியீட்டு எண்ணில் அடங்கிய நிறுவனங்கள் அனைத்தையும் அவற்றின் மதிப்புக்கேற்ற அளவில் வாங்கி வைக்கும் நிதியொன்றைப் பொதுமக்களுக்காகத் தொடங்கினார். இண்டெக்ஸ் ஃபண்ட் என்று இன்று வழங்கப்படுவது இதுவே. ‘போகிளின் மடமை’ என்று அன்று பலர் அதனை எள்ளினர். பின்னர் 1992இல் அவருடைய வான்கார்டு நிறுவனம் அமெரிக்கச் சந்தை முழுவதையும் தழுவும் நிதியைத் தொடங்கிற்று. மறுபுறம், 1985 ஜனவரியில் நாஸ்டாக்-100 என்னும் குறியீட்டு எண் பிறந்தது. நாஸ்டாக் சந்தையில் பதிவு பெற்ற நிறுவனங்களுள், வங்கி முதலிய நிதி நிறுவனங்களை நீக்கி, மிகப் பெரிய நூற்றைக் கொண்டது அது. அதனைப் பின்பற்றும் நிதி 1999 மார்ச்சில் வந்தது.

தொகுதியை நாடுவோரின் வாதத்தை நேர்மையாக எடுத்துரைப்பது நம் கடமை. ‘உலகின் போக்கையே மாற்றுவது தொழில்நுட்பம். 2009ஆம் ஆண்டுக்குப் பின்வந்த பதினைந்தாண்டுகளில் நாஸ்டாக்-100 முழுச் சந்தையைப் பெருமளவு விஞ்சியது. அவ்வாறிருக்க, நலிந்த தொழில்களையும் சேர்த்து ஏன் சுமக்க வேண்டும்?’ என்பர். அவர்கள் கூறும் கணக்கு உண்மையே. அதிலிருந்து அவர்கள் பெறும் முடிவுதான் ஆராயத்தக்கது.

தோட்டத்தின் உடைமையாளன்

சூரத்துல் கஹ்ஃபில் இரு தோட்டங்களின் உடைமையாளன் ஒருவனைப் பற்றி இறைவன் கூறுகின்றான். திராட்சையும் பேரீச்சையும் செழித்து, நடுவே ஆறும் ஓடிய தோட்டங்கள் அவை. தோட்டம் வைத்திருந்தது அவன் குற்றமன்று. அது விளைந்ததும் குற்றமன்று. இது ஒருபோதும் அழியாது என்று அவன் எண்ணினானே, அந்த எண்ணமே அவனைக் கெடுத்தது. நேற்றைய விளைச்சலை நாளைய உறுதிமொழியாக அவன் வாசித்தான். முடிவில், செலவிட்ட பொருளை எண்ணிக் கையைப் பிசைந்து நின்றான்.

2000ஆம் ஆண்டு மார்ச்சில் நாஸ்டாக்-100 உச்சத்தைத் தொட்டபோது, இணையம் உலகை மாற்றும் என்று எல்லோரும் கூறினர். அவர்கள் கூறியது பொய்யாகவில்லை. இணையம் உலகை மாற்றியே விட்டது. ஆயினும் 2002 அக்டோபருக்குள் அக்குறியீட்டு எண் 83 விழுக்காடு வீழ்ந்தது. நூறு ரூபாய் பதினேழு ரூபாயாயிற்று என்று கொள்க. பதினேழு மீண்டும் நூறாக வேண்டுமாயின் ஏறத்தாழ ஆறு மடங்கு வளர வேண்டும். அந்த வளர்ச்சி 2015ஆம் ஆண்டில்தான் நிறைவுற்றது. அதே வீழ்ச்சியில் முழுச் சந்தை ஏறக்குறையப் பாதியை இழந்தது. அதுவும் பேரிழப்பே, எனினும் பாதியை இழந்தவன் எழுவதற்கும் ஆறில் ஐந்து பங்கை இழந்தவன் எழுவதற்கும் உள்ள தொலைவு பெரிது. ஒரு தொழில் வெல்லும் என்று அறிவது வேறு. அத்தொழிலின் பங்கை இன்ன விலைக்கு வாங்கியவன் வெல்வான் என்று அறிவது வேறு. எல்லோரும் அறிந்த நற்செய்தி விலையில் முன்னரே ஏறிவிடுகிறது.

இன்னும் பின்னே செல்வோம். 1900ஆம் ஆண்டில் அமெரிக்கப் பங்குச் சந்தையின் மதிப்பில் அறுபது விழுக்காட்டிற்கு மேல் இரயில்வே நிறுவனங்களுடையதாக இருந்தது. அன்றைய தொழில்நுட்பம் அதுவே. இரயில் இன்றும் ஓடுகிறது. சந்தையில் அதன் பங்கோ மிகச் சிறிதாகச் சுருங்கிவிட்டது. 1900இல் வாழ்ந்த ஓர் அறிவாளியிடம், வரும் நூற்றாண்டின் அரசு எது என்று கேட்டிருந்தால், மென்பொருள் என்று அவர் கூறியிருக்க இயலுமா?

ஹென்ட்ரிக் பெசெம்பைண்டர் என்னும் பேராசிரியர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. 1926 முதல் 2016 வரை அமெரிக்கச் சந்தையில் இருந்த இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களை அவர் ஆராய்ந்தார். அரசுக் கடன் பத்திரம் தரும் வருவாய்க்கு மேல் அச்சந்தை ஈட்டிய செல்வம் முழுவதும் நூற்றுக்கு நான்கு நிறுவனங்களால் விளைந்தது என்று கண்டார். ‘அந்த நான்கை மட்டும் வாங்குவோம்’ என்று ஆசை கூறும். ‘அந்த நான்கு எவை என்று உனக்கு யார் அறிவித்தார்?’ என்று அறிவு வினவும். முழுச் சந்தையை வைத்திருப்பவனிடம் அந்த நான்கும் எப்படியும் இருக்கும். மேலும், மதிப்புக்கேற்ற அளவில் வாங்குவதால், இன்றைய பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் அவனிடமும் பெரும் பங்கு வகிக்கின்றன. ஆகவே சிறு தொகுதியை வாங்குபவன் தொழில்நுட்பத்தைப் புதிதாகச் சேர்க்கவில்லை, ஏனையவற்றை விலக்குகிறான். ‘இவை எனக்குத் தேவைப்படா’ என்று நாளையைப் பற்றித் தீர்ப்பளிக்கிறான்.

யஃகூப் நபியின் அறிவுரை

தம் மக்களை மிஸ்ருக்கு அனுப்பியபோது, யஃகூப் (அலை) அவர்கள் எல்லோரும் ஒரே வாயிலில் நுழைய வேண்டாம், வெவ்வேறு வாயில்களில் நுழையுங்கள் என்று கூறினார்கள். கண்ணேறு குறித்த அச்சமே இதன் காரணம் என்று விரிவுரையாளர் பலர் எழுதியுள்ளனர். காரணம் எதுவாயினும், அவ்வறிவுரையின் அமைப்பு சிந்திக்கத்தக்கது. பல வாயில்களைச் சொன்ன அதே நாவால், இறைவனின் விதியிலிருந்து உங்களைக் காக்க என்னால் இயலாது என்பதையும், தம் தவக்குல் அவன்மீதே என்பதையும் அவர்கள் உரைத்தார்கள். முன்னெச்சரிக்கை தவக்குலுக்கு முரணன்று. அம்முன்னெச்சரிக்கையையே இரட்சகனாகக் கொள்வதுதான் முரண்.

எனவே முழுச் சந்தையை வாங்கியவரும் செருக்குறலாகாது. ஜப்பானியச் சந்தையின் நிக்கேய் குறியீட்டு எண் பல தொழில்களையும் தழுவியதே. எனினும் 1989 டிசம்பரில் அது எட்டிய உச்சத்தை மீண்டும் கடக்க 2024 பிப்ரவரி வரை, முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல், காத்திருக்க நேர்ந்தது. பல வாயில்கள் இருப்பினும் நகரம் ஒன்றே அல்லவா!

விலக்குவதில் இருவகை

இனி, முஸ்லிம்களாகிய நமக்கே உரிய ஒரு சிக்கலைக் காண்போம். முழுச் சந்தை என்னும்போது வட்டி வாங்கும் வங்கியும், மது வடிக்கும் ஆலையும், சூதாட்ட விடுதியும் அதில் அடங்கும். ‘நாஸ்டாக்-100இல் வங்கிகள் இல்லையே! அதுவே மார்க்கத்துக்கு நெருக்கமானது’ என்று சிலர் கூறக் கேட்கிறோம். இவ்வாதத்தில் மயக்கம் உள்ளது. அக்குறியீட்டு எண் வங்கிகளை நீக்கியது இறையச்சத்தினால் அன்று. நிதி நிறுவனங்களுக்கென வேறொரு குறியீட்டு எண் அதே நாளில் தனியே அமைக்கப்பட்டது; அவ்வளவே. எஞ்சியவற்றின் வட்டிக் கடன் எவ்வளவு, வருவாய் தூயதா என்று அது ஆராய்வதில்லை.

அவ்வாறு ஆராயும் முயற்சிகள் தனியே உள்ளன. டவ் ஜோன்ஸ் இஸ்லாமியச் சந்தைக் குறியீட்டு எண் 1999இல் தோன்றியது. பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட அயோஃபி என்னும் அமைப்பின் விதிப்படி, ஒரு நிறுவனத்தின் வட்டிக் கடன் அதன் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டையும், விலக்கப்பட்ட வருவாய் மொத்த வருவாயில் 5 விழுக்காட்டையும் கடத்தலாகாது. அந்தச் சிறு வருவாயையும் கணக்கிட்டுத் தர்மமாக நீக்கிவிட வேண்டும். இந்த அளவுகளையே ஏற்காத உலமாக்களும் உண்டு. எவ்வாறாயினும், இச்சல்லடை மருந்து, உணவு, இயந்திரம், மென்பொருள் என எல்லாத் தொழில்களிலிருந்தும் ஆகுமானவற்றைச் சலித்தெடுக்கிறது. வங்கிகள் வெளியேறுவதால் தொழில்நுட்பத்தின் பங்கு அதிலும் சற்று மிகுதல் இயல்பே.

ஆக, வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் காணப்படலாம். ஒருவர் கட்டளைக்குப் பணிந்து சிலவற்றை விலக்குகிறார். மற்றவர் ஆதாயத்தை விரும்பி விலக்குகிறார். வேறுபாடு நிய்யத்தில் உள்ளது. அதனைச் சோதிக்க ஒரு வினா போதும்: நாளை வங்கிப் பங்குகள் உயர்ந்து, நாம் வைத்திருப்பவை பத்தாண்டுகள் தேங்கிக் கிடந்தால், அப்போதும் இவ்விலக்கலில் நிலைத்திருப்போமா? ‘ஆம்’ எனில் அது பேணுதல். ‘இல்லை’ எனில் அது வணிகக் கணிப்பு. கணிப்பு பாவமன்று, ஆனால் கணிப்புக்குப் பேணுதலின் ஆடையை அணிவிப்பது மார்க்கத்தின் பெயரால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

இறுதியாக, பணம் யாருடையது என்பதையும் நோக்க வேண்டும். அநாதையின் பொருளை வாணிபத்தில் ஈடுபடுத்துங்கள், ஜகாத் அதனைத் தின்று தீர்த்துவிடாதிருக்கட்டும் என்று உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதை இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிந்துள்ளார்கள். முடக்கி வைப்பதும் அமானிதத்துக்குக் குறையே. ஒரே தோட்டத்தில் கொட்டுவதும் குறையே. அநாதையின் பங்கு, ஹஜ்ஜுக்கெனச் சேர்த்தது, முதுமைக்கால உணவு ஆகியவற்றை ஆகுமான எல்லைக்குள் இயன்றவரை பரந்து இடுவதே பொறுப்பாளனுக்கு அழகு என்பது நம் துணிபு. தமக்கே உரிய உபரிப் பொருளில், இழந்தாலும் குடும்பம் தளராத ஒரு பகுதியை, மார்க்க விதிகளுக்கு இசைந்தவை என ஆராய்ந்தறிந்து, ஒருவர் தாம் நம்பும் தொழிலில் இடுவாராயின் அவரைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. இலாபம் வரின் அது தம் தீர்க்கதரிசனம் என்று மட்டும் அவர் கூறாதிருக்கட்டும்.

அறியாததை அறியோம் என்று ஏற்பது கல்வியில் பாதி என்பர் பெரியோர். அப்பாதியைப் பொருளீட்டும் துறையிலும் கடைப்பிடிக்க வல்ல நாயன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.