நகரும் கல்லும் நம் ஊழும்

நட்சத்திரத்துக்கு நிலையான விலாசம் உண்டு. சிறுகோளுக்கு அப்படி இல்லை. மணியும் நிமிடமும் சேர்த்துச் சொன்னால்தான் அது எங்கே என்பதற்கே பொருள் வரும். அதனால்தான் சிறுகோள்களைப் படமெடுப்பவர்கள் பொழுது சாய்வதற்குள் இலக்குப் பட்டியலைத் தயாரித்துவிடுகிறார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் வான் நோக்கும் பழக்கம் நன்றாகவே வேரூன்றியிருக்கிறது. ஒன் ட்ரீ ஹில்லில் 1967இல் திறக்கப்பட்ட ஸ்டார்டோம் ஆய்வகத்தில் 50 சென்டிமீட்டர் ஜெய்ஸ் தொலைநோக்கி இருக்கிறது. பக்குரங்கா பக்கம், ஜென்னி மெக்கார்மிக் தம் வீட்டோடு அமைத்த ஆய்வகத்திலிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்கு நியூசிலாந்து என்றே பெயர்.

பட்டியல் போடுவது பஞ்சாங்கம் கணிப்பதற்கு அண்ணன் தம்பி முறை. அமெரிக்காவிலுள்ள மைனர் பிளானட் சென்டர் உலகின் ஆய்வகங்களுக்கு ஆளுக்கொரு குறியீடு கொடுத்திருக்கிறது. ஆக்லாந்தின் ஸ்டார்டோம் ஆய்வகத்துக்கு 467. குறியீட்டையும் தேதியையும் தட்டினால், கல் வானில் எங்கே, எவ்வளவு மங்கல், நிமிடத்துக்கு எத்தனை வில்விநாடி நகர்கிறது, நிலா எவ்வளவு தள்ளி என்று வரிசையாக எண்கள் வந்து விழும். அடிவானத்தை ஒட்டியவை முதலில் கழியும். பிறகு வேகம். நிமிடத்துக்கு 30 வில்விநாடி ஓடும் கல்லை ஒரு நிமிடம் படமெடுத்தால் கோடாகத்தான் பதியும். நட்சத்திரம் 3 வில்விநாடி அகலத்தில் பதிகிற இரவென்றால் ஆறு விநாடியோடு நிறுத்த வேண்டும். மங்கலான கல்லுக்கு அப்படிப் பல படங்கள் எடுத்து, அதன் ஓட்டத்துக்கேற்ப நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். தேதி வேறு குழப்பும். பட்டியல் உலக நேரத்தில் இருக்கும். ஆக்லாந்து கடிகாரம் அதைவிட 12 மணி நேரம், கோடையில் 13 மணி நேரம் முந்தி ஓடும்.

இத்தனைக்கும் பிறகு ஓரத்தில் ஓர் எண் மிஞ்சும்: கணித்த இடத்திலிருந்து கல் எவ்வளவு விலகியிருக்கலாம் என்ற அளவு. சமயவாதிகளும் தத்துவவாதிகளும் நெடுங்காலம் சண்டையிட்ட கேள்வி அந்த எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது. விலகல் கல்லிலா, நம் அறிவிலா?

அபோபிஸ் கதையைப் பார்க்கலாம். 2004 ஜூனில் அரிசோனாவின் கிட் பீக்கில் கண்டுபிடிக்கப்பட்ட இந்தச் சிறுகோள் 2029இல் பூமியில் மோதும் வாய்ப்பு அதே 2004 டிசம்பர் 27 அன்று 2.7 சதவீதத்தைத் தொட்டது. சுனாமி தாக்கிய மறுநாள் அது. நாகப்பட்டினத்தில் உறவுகளைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தச் செய்தி எங்கே எட்டியிருக்கும்? மார்ச் மாதத்துப் பழைய படங்களில் அதே கல் பதிந்திருந்ததைத் தேடிப் பிடித்ததும் 2029 அபாயம் அடியோடு நீங்கியது. கல் தன் வழியில் இம்மியும் மாறவில்லை. மாறியது கணக்கு மட்டுமே.

ஆசீவக சமயத்தின் ஆசான் மற்கலி கோசாலர் இதைக் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். எல்லாம் நியதிப்படி, எறிந்த நூலுண்டை நூல் தீரும்வரை பிரிந்தோடுவதுபோல் என்பது ஆசீவகக் கொள்கையாகப் பௌத்த நூல் சொல்வது. மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையிலும் ஆசீவகர் வந்து தம் கொள்கையைச் சொல்கிறார். சதவீதம் என்பது நம் அறியாமையின் அளவு. கல்லின் வழியோ முன்பே முடிவானது. இந்த அளவுக்கு வானியலும் ஆசீவகமும் கைகோத்து நடக்கலாம்.

ஆனால் பட்டியல் போடுகிறவரிடம் நியதிவாதிக்கு இல்லாத ஒரு குணம் உண்டு: தன் கணிப்பு பொய்த்தால் அவருக்கு வருத்தமில்லை, வேலை கிடைக்கிறது. வானில் கண்ட இடத்தை அனுப்பிவைத்தால் பாதையே திருத்தப்படும். கணக்கைத் திருத்தலாமா என்ற தகராறு நம் பஞ்சாங்கங்களிலும் இருக்கிறது. வானைப் பார்த்துத் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29. பழைய கணக்கை மாற்றாத வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயிலோ அது 2026இல்தான் என்று அறிவித்தது. மரபைக் காப்பதா, வானைப் பார்த்துத் திருத்துவதா என்பதில் பக்தர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். வழிபாட்டுக்கு எதுவும் ஆகலாம். தொலைநோக்கியைத் திருப்ப வாக்கியக் கணக்கு உதவாது.

ஊழை மிஞ்சியது எதுவுமில்லை என்று 38ஆம் அதிகாரத்தில் முடிக்கும் வள்ளுவர், 62ஆம் அதிகாரத்தில் தளராமல் முயல்பவர் ஊழையும் புறங்காண்பார் என்கிறார். உரையாசிரியர்களுக்கு இது தீராத தலைவலி. முயற்சியின் பக்கம் வானில் ஒரு சாட்சி உண்டு. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்போஸ் என்ற சிறு கல்லில் வேண்டுமென்றே மோதியது. தன்னைவிடப் பெரிய சிறுகோளை 11 மணி 55 நிமிடத்தில் சுற்றிவந்த அந்தக் கல்லின் சுற்றுக்காலம் அரை மணிக்கு மேல் குறைந்தது. அங்கே முதல் முறையாக மாறியது கணக்கு அல்ல, கல்லின் வழி. அதுவும் நியதியில் எழுதியிருந்தது என்று கோசாலர் சொல்லலாம்தான். ஆனால் எது நடந்தாலும் பொருந்துகிற விளக்கத்தை வைத்துக்கொண்டு நாளைய பட்டியலை யாரும் போட முடியாது.

2029இல் அபோபிஸ் பூமிப் பரப்பிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் தூரத்தில், தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்களுக்கும் உள்ளே புகுந்து கடக்கும். பட்டியலில் தேதி ஏப்ரல் 13, 21:46. சென்னையில் அப்போது 14ஆம் தேதி விடியற்காலை 3:16, ஆக்லாந்தில் காலை 9:46. இரண்டு ஊரிலும் சித்திரைப் பிறப்பு நாள். நெருங்கும் அந்த நொடி ஆக்லாந்தில் பட்டப்பகல் என்பதால் அங்குள்ளவர்கள் முந்தைய இரவுகளையே நம்ப வேண்டும். பூமியின் ஈர்ப்பு அந்தக் கல்லின் பாதையை வளைத்து, அது சூரியனைச் சுற்றும் காலத்தையும் ஓராண்டைத் தாண்டும்படி நீட்டிவிடும். அடுத்த இரவுக்கான பட்டியலைப் புதிய பாதையை வைத்துத்தான் போட்டாக வேண்டும்.