உடைமையும் உவகையும்

1961 முதல் சென்னைக்கு அருகே வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை இன்றும் பேணி ஓட்டுவோர் உண்டு. அதன் பானட் மட்கார்டுகளோடு ஒருசேர முன்னோக்கிச் சாயும். எஞ்சின் முழுதும் கைக்கு எட்டும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் நோக்கிய ஏற்றத்தில், விரையும் லாரிகளிடையே, எஞ்சின் சூட்டைக் கவனித்தவாறே அத்தகைய சிறு காரை ஓட்டுபவர் பொருளின் எல்லையை மதிக்கக் கற்கிறார். அதில் மகிழவும் செய்கிறார்.

இம்மகிழ்ச்சி முறையானதுதானா? பயன்படுத்தற்குரியவை வேறு, துய்த்தற்குரியவை வேறு எனப் பகுத்தார் புனித அகுஸ்தினார். பயன்படுத்தற்குரியதையே இறுதி இன்பமாக்கும்போது, உடைமை நம்மைத் தன் உடைமையாக்கிக் கொள்கிறது. நள்ளிரவில் அண்டை வீட்டு நோயாளியை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்ல நேரும்போது, மெருகு கெடுமே என்று தயங்குகிறோமா, உடனே சாவியை எடுக்கிறோமா? நம் உவகை வெறும் பற்றா, நற்பேணலா என்பதை அக்கணம் சொல்லிவிடும்.