கடைத்தெருவில் அம்பின் முனை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

கடை அடைத்தபின் நாலு பேர் கூடித் தேநீர் அருந்தும் இடங்களிலெல்லாம் ஒரு சர்ச்சை நடக்கிறது. கொள்ளைக்காரன் கையில் துப்பாக்கி இருக்கிறது, நாணயமாகத் தொழில் செய்பவன் கையில் கல்லாப்பெட்டிச் சாவி மட்டுமே இருக்கிறது, ஆகையால் துப்பாக்கி லைசென்சு விதிகளைத் தளர்த்த வேண்டும் என்பது ஒரு சாரார் கட்சி. விதியைத் தளர்த்த வேண்டாம், துப்பாக்கி எடுத்தவனையெல்லாம் தூக்கில் போட்டால் தீர்ந்தது என்பது மற்றொரு சாரார் கட்சி. பணமாற்றுத் தொழிலும் நகைத் தொழிலும் செய்கிற நம்மவர்க்கு இது வெறும் அரட்டையல்ல. இரவு ஒன்பது மணிக்குப் பணப்பையோடு பிட் ஸ்திரீட்டில் நடப்பவனுக்குத்தான் அந்த அச்சம் தெரியும். (தெருவின் பெயர் மாறிவிட்டது, நம் வாயில் இன்னும் பிட் ஸ்திரீட்தான்.) அந்த அச்சத்தை நாம் பரிகசிக்கவில்லை. மார்க்கம் இதற்கு என்ன வழி காட்டுகிறது என்பதைப் பார்க்கவே இதை எழுதுகிறோம்.

நாயகம் (ஸல்) அவர்கள் காலத்துக் கடைத்தெருவில் ஆயுதம் இல்லாமலில்லை. அம்பும் வில்லும் வாளும் ஆண்மகனின் அன்றாட உடைமைகள். ஆயினும் நம் பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்போடு நடப்பவர் அதன் முனையைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும், ஒரு முஸ்லிமுக்கும் அதனால் கீறல் படக்கூடாது என்று அவர்கள் கட்டளையிட்டதைப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கின்றன. கவனியுங்கள்! போர்க்களத்துக்குச் சொன்ன விதியல்ல இது. தொழும் இடத்துக்கும் வியாபாரம் செய்யும் இடத்துக்கும் சொன்ன விதி. ஆயுதம் வைத்திருப்பவன் நல்லவனா கெட்டவனா என்ற கேள்வியே அதில் எழவில்லை. நல்லவனானாலும் முனையை மூடு என்பதுதான் சொல். சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டாதீர்கள், ஷைத்தான் கையை இழுத்துவிடக்கூடும் என்பதும், உருவிய வாளைக் கைமாற்றக் கூடாது என்பதும் அதே அக்கறையில் பிறந்த கட்டளைகள். இன்றைய லைசென்சு விதியை யாரோ வெள்ளைக்காரன் விட்டுப்போன தொல்லை என்று எண்ணுவோர் இவற்றைச் சிந்திக்க வேண்டும்.

உடனே ஒரு சகோதரர் கேட்பார்: தன் பொருளைக் காக்கப் போராடி மாண்டவன் ஷஹீது என்று ஹதீஸ் இருக்கிறதே, அதை ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்கவில்லை. இருக்கிறது, சத்தியம். ஆனால் நஸாயியில் வரும் அறிவிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா? என் பொருளைப் பறிக்க ஒருவன் வந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் முதற்சொல்லாகப் போரிடு என்று கூறவில்லை. அல்லாஹ்வை அவனுக்கு நினைவூட்டு என்றார்கள். அவன் கேட்காவிட்டால் சுற்றியுள்ள முஸ்லிம்களின் உதவியை நாடு. அதற்கும் ஆளில்லாவிட்டால் ஆட்சியாளரிடம் முறையிடு. ஆட்சியாளரும் எட்டாத தொலைவில் இருந்தால்தான் போராடு என்று படிப்படியாகச் சொன்னார்கள். நம்மில் பலர் கடைசிப் படியை மட்டும் மனனம் செய்து வைத்திருக்கிறோம். போலீஸ் நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது ஆட்சியாளர் தொலைவில் இருக்கிறார் என்று எப்படிச் சொல்வது?

ஆட்சியாளரை விட்டு ஆயுதத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர்க் கதை வேண்டியதில்லை. 1867-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இதே ஜார்ஜ் டவுனில் பத்து நாள் கலகம் நடந்தது. கீ ஹின், தோ பே கோங் என்ற இரண்டு சீன இரகசியச் சங்கங்களின் பகை அது. ஆனால் அதில் நம்மவரும் இருந்தார்கள் என்பதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. முஹர்ரம் ஊர்வலங்களைச் சுற்றி வளர்ந்த செங்கொடிச் சங்கம், வெண்கொடிச் சங்கம் என்ற இரண்டில் மலாய்க்காரரோடு நம் தமிழ் முஸ்லிம்களும் சேர்ந்திருந்தனர். செங்கொடி தோ பே கோங்குடனும், வெண்கொடி கீ ஹின்னுடனும் கைகோத்தன. ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள் எதிரெதிர் அணியில் நின்று துப்பாக்கி தூக்கினார்கள்! அச்சின் ஸ்திரீட்டுக்கு அருகே பீரங்கித் தெரு என்று ஒன்று இருக்கிறதே, அந்தக் கலகத்தில் பீரங்கி வெடித்ததால் வந்த பெயர் அது என்பார்கள். ஏன் சேர்ந்தார்கள்? பாதுகாப்புக்காகத்தான். சங்கத்தில் சேர்ந்தால் எவனும் தொடமாட்டான் என்ற எண்ணம். பிறகு விசாரணைக் கமிஷன் அமர்ந்தது. நான்கு சங்கங்களுக்கும் தலைக்கு ஐயாயிரம் டாலர் அபராதம் விழுந்தது; அந்தப் பணத்தில் போலீஸ் நிலையங்கள் கட்டப்பட்டன. 1869-ல் சங்கங்களைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது. அந்தக் காலத்துப் பினாங்குக்கு ஆயுத வியாபாரமும் புதிதல்ல. லாருட் போர்களுக்கு இங்கிருந்தே துப்பாக்கியும் வெடிமருந்தும் கப்பலேறின. குழப்ப காலத்தில் ஆயுதம் விற்பதை இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) வெறுத்தார்கள் என்பதை அன்று விற்றவர்கள் நினைத்துப் பார்த்தார்களோ என்னவோ!

சரி, தூக்குக் கயிற்றுக் கட்சியைப் பார்ப்போம். இந்நாட்டில் அது புதிய யோசனையல்ல. 1948-ல் அவசரகாலம் பிறந்தபோது, அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தாலே மரணம் என்று ஆங்கில அரசினர் விதித்தனர். நம் தமிழினத்தவரான எஸ். ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்தவர், ஒரு கைத்துப்பாக்கியும் சில தோட்டாக்களும் வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4-ம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அரசியல் நமக்கு உடன்பாடோ இல்லையோ, எவரையும் சுட்டதாக அவர்மீது வழக்கில்லை. சுதந்திரத்துக்குப் பின் 1960-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்சு கொடுப்பது மாநிலப் போலீஸ் தலைவர் பொறுப்பு, லைசென்சின்றி வைத்திருந்தால் ஏழாண்டு வரை சிறை என்றது. 1971-ம் ஆண்டுச் சட்டம் அதற்கும் மேலே போயிற்று. கொள்ளை போன்ற குற்றத்தின்போது ஆளைக் குறிவைத்துச் சுட்டால், குண்டு யார் மேலும் படாவிட்டாலும் மரணம் ஒன்றே தண்டனை என்று நீதிபதியின் கையைக் கட்டிப் போட்டது.

அந்தக் கயிறு தொங்கிக்கொண்டே இருந்தது. ஆயினும் நாற்பத்திரண்டு ஆண்டு கழித்து 2013-ல் துப்பாக்கிச் சூடுகள் அடுத்தடுத்து நிகழ்ந்து நாட்டையே உலுக்கின. வங்கி நிறுவனர் ஒருவர் கோலாலம்பூரில் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். போலீசார் குண்டர்களை ஒடுக்கத் தனி நடவடிக்கையே தொடங்க வேண்டியதாயிற்று. 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை நீங்கி, முப்பது முதல் நாற்பது ஆண்டுச் சிறையும் பிரம்படியும் கொடுக்க நீதிபதிக்கு இடமுண்டு. மரண தண்டனை சட்டத்திலிருந்து போய்விடவில்லை, கட்டாயம்தான் போயிற்று. இதைக் கேட்டுப் பதறுவோர் இருக்கிறார்கள். ஓர் உயிரை அநியாயமாகக் கொன்றவன் மனிதகுலம் முழுவதையும் கொன்றவன் போலாவான் என்று அறிவித்த அதே திருமறை, கொலைக்குப் பழிவாங்கும் உரிமையோடு மன்னிப்புக்கும் வாசல் வைத்திருக்கிறது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். நம் அபிப்பிராயத்தில், நம் தெருக்களைக் காத்து வருவது கயிறன்று, லைசென்சு விதிதான். நம் ஊர் வழிப்பறிக்காரன் பெரும்பாலும் பாராங் கத்தியோடு வருகிறானே தவிர, துப்பாக்கியோடு வருவது அரிது. ஏன்? துப்பாக்கி அவனுக்கு எளிதில் கிடைப்பதில்லை. கடைக்குக் கடை ஒன்று இருக்குமானால், முதலில் களவு போகும் பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

விதி தளர்ந்த நாட்டையும் பாருங்கள். அமெரிக்காவில் 2021-ல் மட்டும் துப்பாக்கியால் மாண்டவர் நாற்பத்தெட்டாயிரத்துக்கு மேல். அதில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். திருடனுக்காக வாங்கி வைத்தது, கடன் தொல்லையில் மனமுடைந்த வீட்டுக்காரனையே கொண்டுபோகிறது. நம் பினாங்கிலும் 2016 டிசம்பரில் நெடுஞ்சாலையில் ஒரு செல்வரைச் சுட்டது யார்? அவர் சம்பளம் கொடுத்து வைத்திருந்த மெய்க்காப்பாளர்!

2019 மார்ச் 15, ஜும்ஆ நாள். நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் ஐம்பத்தோரு உயிர்களை ஒருவன் பறித்தான். அவன் கள்ளத் துப்பாக்கிக்காரனல்லன். லைசென்சு பெற்று, கடையில் பணம் கொடுத்து வாங்கியவன். லைசென்சு கொடுக்குமுன் செய்ய வேண்டிய விசாரணை சரிவரச் செய்யப்படவில்லை என்று அந்நாட்டு அரச விசாரணைக் குழு பின்னர் கண்டது. ஒரு மாதத்துக்குள் அந்நாட்டு நாடாளுமன்றம் அத்தகைய அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடை செய்தது. எதிர்த்து விழுந்த வாக்கு ஒன்றே ஒன்று. ஆகவே லைசென்சு கேட்டுப் போகும் நம்மவரை அதிகாரி துருவித் துருவிக் கேட்டால் அதை அவமானமாக எண்ண வேண்டாம். அந்தக் கேள்விகளை அங்கே கேட்டிருந்தால்!

இனி, சொல்லக் கசப்பான விஷயம். துப்பாக்கி வேண்டாம் என்று கையை விரிக்கிற நம்மில் சிலர், மாதந்தோறும் ‘பாதுகாப்புப் பணம்’ என்று குண்டர்களுக்கு வெள்ளியை எண்ணிக் கொடுக்கிறோம். ஐம்பதோ நூறோ, தொல்லை விட்டது என்கிறோம். அந்தப் பணம் எங்கே போகிறது? கள்ளத் துப்பாக்கியும் ரவையும் இனாமாக வருவதில்லை. 2013-ல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டதே, அவை வயிறு வளர்த்தது நம்மைப் போன்ற கடைக்காரர்களின் கல்லாவிலும்தான். துப்பாக்கியைத் தொடாத கை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அதன் விலையில் ஒரு பங்கை அந்தக் கைதான் கொடுத்தது. 1867-ல் நம் முன்னோர் கொடிச் சங்கத்தில் சேர்ந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் நமக்குத் தெரியவில்லை.

கேட்டு வருபவனிடம் தனியாக நின்று மறுப்பது கஷ்டம் என்பதை அறிவோம். பிள்ளைகுட்டிக்காரன் பயப்படத்தான் செய்வான். நஸாயி அறிவிப்பின் இரண்டாவது படி இதற்காகவே இருக்கிறது. இடப்பக்கக் கடைக்காரரும் வலப்பக்கக் கடைக்காரரும், அவர் முஸ்லிமானாலும் சீனரானாலும், சேர்ந்து மறுத்தால் பத்துக் கடையையும் எவன் மிரட்டுவான்? மூன்றாவது படியான போலீஸ் புகாருக்குத் தனியே போக அஞ்சுபவர்கள் ஜும்ஆவுக்குப் பின் நம் சங்கத்தாரிடம் சொல்லட்டும். புகார் எழுதும்போது இரண்டு பேர் உடன் வருவார்கள். பெயர் வெளியே போகாது.