மரத்தடி நந்தவனமும் சரியை நெறியும்

சைவ சித்தாந்தம் வகுக்கும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளுள் முதலாவதான சரியை, உடலால் ஆற்றும் திருத்தொண்டைக் குறிக்கும். கோயிலை அலகிடுதல், அதாவது துடைப்பத்தால் பெருக்கித் தூய்மை செய்தல், மெழுகுதல், நந்தவனம் வளர்த்தல், மலர் கொய்து மாலை தொடுத்தல் ஆகியவை அதனுள் அடங்கும். திருப்புகலூரில் விடியுமுன் எழுந்து கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலர்களையும் கொய்து இறைவனுக்குச் சாத்திய முருக நாயனாரைப் பெரியபுராணம் போற்றுவது இத்தொண்டின் தகுதியைக் காட்டும்.

அதே சித்தாந்தம் உயிர்கள் எடுக்கும் எழுவகைப் பிறப்பினுள் தாவரத்தையும் வைக்கிறது. தொல்காப்பியமும் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர், அதாவது தொடுவுணர்வு மட்டுமே உடைய உயிர், என்று வகுக்கிறது. ஆகவே தலமரத்தின் அடியிலோ வீட்டு முற்றத்து வில்வத்தின் அடியிலோ பூச்செடி வைக்க முனைபவர், இறைவனுக்கு மலர் வேண்டி ஓருயிரின் வேரை அறுத்து மற்றோருயிரை நடுவது தொண்டாகுமா என்னும் கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்.

நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களுள் பெரும்பாலானவை ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்துக்குள், கிளைவிரிப்பின் எல்லையையும் கடந்து மேல்மண்ணில் படர்ந்திருப்பதால், மரத்தடியைக் கொத்திப் பாத்தி கட்டுவது அவ்வேர்களை அறுக்கிறது. அடிமரம் மூடும்படி மண்ணைக் குவிப்பதும் சிமென்ட் மேடை எழுப்புவதும் அவற்றுக்குக் காற்றும் நீரும் செல்லும் வழியை அடைக்கின்றன. தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தொலைவுக்குக் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் ஆணையிட்டது. பக்தியால் எழுப்பிய மேடையாயினும் வேருக்கு விளையும் இடர் குறைவதில்லை.

எனவே செடியைத் தேர்வதே இங்கு அறத்தின் பாற்பட்ட செயலாகிறது. விருத்தாசலத்தின் தலமரமான வன்னி வறண்ட நிலத்துக்குரியது. அடிக்கடி நீர் வேண்டும் செம்பருத்தியை அதன் அடியில் வைத்தால், செடிக்கு ஊற்றும் நீரே மரத்துக்குத் தீங்காகலாம். துளசி வெயிலை நாடுவதால் அதைக் கிளைவிரிப்புக்கு வெளியே வைப்பதே முறை. அரைநிழலைத் தாங்கி வெண்மலர் தரும் நந்தியாவட்டையும், நிழலிலும் தழைத்து மருந்திலை தரும் ஆடாதோடையும் மரத்தடிக்குப் பொருந்துவன. இவற்றையும் வேர்களுக்கு இடைப்பட்ட சிறு குழிகளில் இளங்கன்றாகவே நடுதல் வேண்டும். இவை எல்லாவற்றினும் பவளமல்லி தனியே எண்ணத்தக்கது. இரவில் மலர்ந்து விடியலில் தானே உதிரும் அதன் மலரை, நிலத்தில் விழுந்த பூ பூசைக்காகாது என்னும் பொதுவிதிக்கு விலக்காக வழக்கம் ஏற்றுக்கொள்கிறது. கொய்யாமலே மலர் கிடைப்பதால், செடியையும் உயிராக மதிக்கும் கொள்கைக்கு இதனினும் நெருங்கிய வழிபாடு அரிது.

இனி, சரியைக்குள்ளேயே ஒரு முரண் எஞ்சுகிறது. அலகிடுதல் தொண்டு, நந்தவனம் காத்தலும் தொண்டு, ஆனால் மரத்தடிச் சருகை நாள்தோறும் கூட்டி அள்ளுவது, மட்கி மரத்துக்கே திரும்ப வேண்டிய உணவைப் பறிப்பதாகும். அலகிடுதலின் நோக்கம் அடியார் நடக்கும் இடத்தைத் தூய்மை செய்வதே என்று கொண்டால், திருச்சுற்றைப் பெருக்கி, அந்தச் சருகையே அடிமரத்தை ஒட்டாமல் செடிகளுக்கிடையே பரப்புவதில் இரு தொண்டுகளும் ஒருங்கே நிறைவேறும்.